ஓய்வு பெற்ற டீசல் எக்ஸ்பிரஸ் எஞ்சின்கள் எங்கே போயின?

கேள்வி இதுதான்: 1940-களிலிருந்து 60-கள் வரை எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுத்துக்கொண்டு ஓடிய டீசல் எஞ்சின்கள் ஓய்வு பெற்றபின் என்ன ஆயின? நீராவி எஞ்சின்களை எத்தனையோ இடங்களில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இவை மட்டும் ஏன் கண்ணில் படுவதே அபூர்வமாக இருக்கிறது?

பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஆனால் தப்பிய சிலவற்றின் வரலாற்றைக் கிளறினால் ஒரு வேடிக்கை தெரியும். அழகு, வேகம், புகழ் இவையெல்லாம் பெரிதாக உதவவில்லை. ஓய்வு பெறுகிற சமயத்தில் அந்த எஞ்சினுக்கு யாராவது ஒரு மட்டமான வேலையாவது கொடுத்தார்களா என்பதுதான் பல நேரம் தலையெழுத்தைத் தீர்மானித்தது. மரியாதை குறைந்து, மூக்கு அறுபட்டு, எங்கோ ஒரு மூலையில் உழைத்தவை பிழைத்தன. எக்ஸ்பிரஸிலிருந்து நேராக ஓய்வுக்குப் போனவை ஒன்றிரண்டு வருடத்தில் துண்டு துண்டாகிவிட்டன.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் இ.எம்.டி. பிரிவு செய்த இ-7 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1945 முதல் 1949 வரை 510 எஞ்சின்கள் செய்தார்கள். அந்த நாட்டின் பெயர்பெற்ற ரயில்களில் பாதியையாவது ஏதாவது ஒரு காலத்தில் இது இழுத்திருக்கும். இன்று உலகத்திலேயே மிச்சம் ஒன்றே ஒன்று. பென்சில்வேனியா ரயில்ரோட்டின் 5901, பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இவ்வளவு வேகமாக அழியக் காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. சரக்கு எஞ்சினுக்கு வயதானால் கிளைப் பாதைக்கு அனுப்பலாம், அப்புறம் யார்டில் ஷண்டிங் செய்ய விடலாம். பயணி எஞ்சினுக்கு அந்தப் படிக்கட்டு கிடையாது. அதன் பல்சக்கர விகிதம் அதிவேகத்துக்காக அமைத்தது. கனமான சரக்கோடு மெதுவாக ஊர்ந்தால் டிராக்ஷன் மோட்டார்களில், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் மின் மோட்டார்களில், மின்னோட்டம் எகிறி, சூடேறி, சுருள்கள் கருகிவிடும். இ வரிசை எஞ்சின்களில் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு போகியிலும் (பெட்டி அல்ல, எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) மூன்று அச்சுகள், அதில் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. வேகத்தில் ஆட்டம் இல்லாமல் ஓடவும், எடையைத் தண்டவாளத்தில் பரப்பவும் அப்படிச் செய்தார்கள். ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்கு உதவாமல் சும்மா சவாரி செய்கிறது. உடம்பு முழுக்க மூடிய கூடு என்பதால் ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது. ஷண்டிங் ஆள் தொற்றிக்கொண்டு நிற்கப் பக்கவாட்டில் மேடையும் இல்லை. போதாக்குறைக்கு ஒரே கூட்டுக்குள் இரண்டு டீசல் எஞ்சின்கள். ஒன்று நின்றாலும் இன்னொன்று ரயிலை வீடு சேர்க்கும் என்பது பயணிகளுக்கு நல்ல செய்தி, பராமரிப்புக் கணக்கு பார்க்கிறவருக்கு இரட்டைத் தலைவலி.

கடைசி அடி வெப்பமூட்டும் முறையில் விழுந்தது. அந்தக் காலப் பெட்டிகளுக்குச் சூடு நீராவியில் போனது. நீராவி எஞ்சின் போனபின்னும் பெட்டிகள் பழசு என்பதால், டீசல் எஞ்சினின் பின்பக்கத்தில் தனியாக ஒரு சின்ன பாய்லரை வைத்து நீராவி அனுப்பினார்கள். டீசல் யுகம் என்று பெருமை பேசிக்கொண்டே உள்ளே பாய்லரைச் சுமந்து திரிந்த காலம் அது. பிறகு வந்த பெட்டிகளுக்கு விளக்கு, குளிர்சாதனம், சூடு எல்லாமே எஞ்சின் தரும் மின்சாரத்தில் என்று மாறியதும், பாய்லர் எஞ்சின்கள் ஒரே அடியில் பழையதாகிவிட்டன. ஓடும் நிலையில் இருந்தவைகூட இழுக்கப் பெட்டி இல்லாமல் நின்றன.

இதே சமயத்தில் புது எஞ்சின் விற்பவர்கள் பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். 1960-களில் அமெரிக்காவில் அழிந்த எஞ்சின்களில் பெரும்பகுதி இந்தப் பண்டமாற்றில் போனதுதான். உற்பத்தியாளர் பழையதைப் பிரித்து, உருப்படியான பாகங்களைப் புதியதில் பொருத்துவார். இ.எம்.டி.யின் ஜி.பி.-30 எஞ்சின்கள் சில, போட்டி நிறுவனமான ஆல்கோவின் போகிகள்மேல் ஓடின. எதிரியின் காலை வாங்கி மாட்டிக்கொண்டது மாதிரி! ஆக, "அந்த எஞ்சின் எங்கே போனது" என்று தேடினால் சில நேரம் அதன் கால் மட்டும் வேறொரு எஞ்சினுக்கு அடியில் இன்னும் இருபது வருடம் ஓடியிருக்கும்.

பண்டமாற்றுக்குப் போகாதவை ஏலத்துக்குப் போயின. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது எஞ்சினுக்கும் பொருந்தும். நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இயந்திரம். முதலில் எண்ணெய், டீசல், குளிர்விக்கும் நீர் எல்லாவற்றையும் வடிப்பார்கள். ஈயம் அடைத்த பேட்டரிகளைக் கழற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கும், அதைத் தனியாகப் பாதுகாப்போடு எடுத்தாக வேண்டும். பிறகுதான் காசுள்ள பகுதி: பிரதான ஜெனரேட்டரிலும் டிராக்ஷன் மோட்டார்களிலும் இருக்கும் செம்பு. கிராங்க் ஷாஃப்ட், டர்போ, சிலிண்டர் பாகங்கள் உதிரிபாகமாக விலைபோகும். டிராக்ஷன் மோட்டார்களுக்கு விசித்திரமான ஒரு மறுவாழ்வு உண்டு. எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளில் அதே குடும்ப மோட்டார்கள்தான் கம்பியைச் சுற்றவும் சேற்றுக் குழம்பை இறைக்கவும் பயன்படுகின்றன, ஜெனரல் எலக்ட்ரிக்கின் 752 வகை அதில் பிரசித்தம். எல்லாம் உருவியபின் மிஞ்சுவது கூடு. அதை வாயு வெட்டுவிளக்கால் அறுத்து உருக்காலைக்கு அனுப்ப அதிக நாள் ஆகாது.

உலோகமே எமனான கதையும் உண்டு. 1934-இல் அமெரிக்காவில் இரண்டு நவீன ரயில்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தன. யூனியன் பசிபிக்கின் எம்-10000 அலுமினியத்தால் ஆனது. (அதில் இருந்தது டீசல் எஞ்சின்கூட இல்லை, தீப்பொறியில் எரியும் வேறொரு வகை.) பர்லிங்டனின் பயனியர் செஃபிர் துருப்பிடிக்காத எஃகில் செய்தது, டீசலில் ஓடியது. போர்க்காலத்தில் அலுமினியம் தேவைப்பட்டதும் 1942-இல் எம்-10000-ஐ உடைத்துவிட்டார்கள். செஃபிர் பல வருடம் உழைத்துவிட்டு 1960-இல் சிகாகோ அறிவியல், தொழில் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்றும் அங்கே இருக்கிறது.

சரி, மட்டமான வேலை காப்பாற்றியது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சாண்டா ஃபே ரயில்ரோட்டிடம் எஃப்-7 எஞ்சின்கள் ஏராளம். பயணி ரயில், சரக்கு இரண்டுக்கும் ஓடிய, உருண்டை மூக்குள்ள அந்தப் பிரபலமான முகம். 1970 முதல் 1978 வரை டெக்சாஸின் கிளிபர்ன் பணிமனையில் அவற்றில் 233-ஐ எடுத்து, மூக்கையும் கூட்டையும் அறுத்துப் போட்டுவிட்டு, பெட்டி மாதிரி ஒரு சாதாரண ஷண்டிங் உருவத்தைக் கொடுத்தார்கள். கேட்க எளிது, செய்வது பெரும் வேலை. எஃப் வகையில் பக்கச் சுவர்களே பாலம்போல எடையைத் தாங்கும் சட்டம். சுவரை அறுத்தால் எஞ்சின் நடுவில் தொய்ந்துவிடும். அதனால் அடிச்சட்டத்தையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. சி.எஃப்.-7 என்று பெயர் வைத்தார்கள். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. ஆனால் சின்னச் சின்ன ரயில் நிறுவனங்களில் பல ஆண்டுகள் உழைத்தது.

இதில் ஒரு கிளைக்கதை. பயணி ரயில்களை நடத்தும் ஆம்ட்ராக், 1973-74-இல் எஸ்.டி.பி.-40-எஃப் என்ற புத்தம் புது எஞ்சின்கள் 150 வாங்கியது. தடம்புரண்ட விபத்துகள் சில நடந்ததும் பெயர் கெட்டது. பல எஞ்சின்களை உற்பத்தியாளரிடமே திருப்பிக் கொடுத்து எஃப்-40 வகைக்கு மாறினார்கள். மிச்சத்தில் 18-ஐ 1984-இல் சாண்டா ஃபே எடுத்துக்கொண்டு, பதிலுக்கு 25 சி.எஃப்.-7 எஞ்சின்களையும் 18 ஷண்டிங் எஞ்சின்களையும் கொடுத்தது. பத்து வயது எக்ஸ்பிரஸ் எஞ்சினைக் கொடுத்து மூக்கறுந்த கிழவனை வாங்கியிருக்கிறார்கள். பயணி நிறுவனத்துக்கு அப்போது தேவைப்பட்டது தண்டவாள வேலைக்கும் யார்டுக்கும் ஆள், அவ்வளவுதான்.

நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் ரயில்ரோடு வேறு வழி கண்டது. ஆல்கோவின் எஃப்.ஏ. எஞ்சின்களை வாங்கி, இழுக்கும் வேலையைப் பிடுங்கிவிட்டு, பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன டீசல் ஜெனரேட்டரை உள்ளே வைத்தார்கள். ரயில் எதிர்த்திசையில் போகும்போது ஓட்டுநர் உட்காரும் அறையாகவும் அது பயன்பட்டது. இழுக்காத எஞ்சின் என்றாலும் 1990-களின் கடைசி வரை ஓடியது. இன்று மிஞ்சியிருக்கும் எஃப்.ஏ. எஞ்சின்களில் சில, இந்த அவமானத்தால்தான் மிஞ்சின.

டொரண்டோவின் கோ டிரான்சிட்டும் பழைய எஃப்.பி.-7 எஞ்சின்களை இப்படியே மாற்றியது. சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் நிறுவனம், ஓட்டுநர் அறையே இல்லாத பி வகை எஞ்சின்களை யூனியன் பசிபிக்கிடம் வாங்கி, அயோவாவின் ஓல்வைன் பணிமனையில் சதுரமாக ஒரு தலையை ஒட்டவைத்தது. பார்த்தால் சிரிப்பு வரும். ஆம்ட்ராக்கின் எஃப்-40-க்கும் கடைசியில் அதே கதிதான். டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாமான் அறை வைத்து, பக்கத்தில் ஷட்டர் கதவு போட்டார்கள். ஓட்டுநர் அறை, சாமான் அறை இரண்டின் ஆங்கிலப் பெயர்களையும் ஒட்டி, முட்டைக்கோஸ் என்று பொருள்படும் 'கேபேஜ்' பட்டம் கிடைத்தது.

பிரிட்டனில் இதைவிடக் கொடுமையானது ஒன்று. 1983-இல் மூன்று கிளாஸ் 25 எஞ்சின்களை ரயிலுக்கு மின்சாரச் சூடு தரும் வண்டியாக மாற்றி, ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் ஸ்லீப்பர் ரயிலில் கோத்துவிட்டார்கள். இழுக்க வந்த கிளாஸ் 37-க்குச் சூடு கொடுக்கத் தெரியாது, சூடு கொடுக்கிற 25-க்கு இழுக்க அனுமதி இல்லை. பெயர் 'எத்தெல்'. அடுத்த வருடம், 1984 ஜூலை 17 அன்று, 46009 என்ற பயணி எஞ்சினை ஆள் இல்லாமல் மணிக்கு 100 மைல் வேகத்தில் ஓட்டி, அணுக்கழிவு எரிபொருள் வைக்கும் எஃகுக் கலத்தின்மேல் மோதவிட்டார்கள். ஓல்ட் டால்பி சோதனைப் பாதையில், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க. கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டுவதுதான் நோக்கம், காட்டியும்விட்டார்கள். எஞ்சின் சின்னாபின்னம்.

இன்னொரு வழி நாடுகடத்தல். ஆல்கோவின் பி.ஏ. எஞ்சின்தான் இதற்கு உச்ச உதாரணம். நீண்ட சதுர மூக்கு, புகையைக் கருமேகமாகக் கக்கும் பழக்கம். அமெரிக்க ரயில் ரசிகர்களிடம் கேட்டால் டீசலிலேயே அழகி இதுதான் என்று பலர் சொல்வார்கள். 1946 முதல் 1953 வரை 297 செய்தார்கள். 1960-களில் சரசரவென்று அழிந்தன. சாண்டா ஃபேயிடமிருந்து நான்கை மட்டும் டெலவேர் அண்ட் ஹட்சன் என்ற சிறிய நிறுவனம் 1967-இல் வாங்கியது. 1970-களின் நடுவில் உள்ளே இருந்த டீசல் எஞ்சினையே மாற்றிப் புதுப்பித்தார்கள், பாஸ்டன் பகுதியில் கொஞ்ச நாள் வாடகைக்கு ஓடின, 1978-இல் மெக்சிகோவுக்குப் போயின. அங்கே சில வருடத்தில் ஓய்ந்து, ஓட்டை உடைசலாகிவிட்டன. அமெரிக்காவில் இருந்த அத்தனையும் போக, இந்த நான்கு மட்டும் எல்லைக்கு அப்பால் துருப்பிடித்தபடி உயிரோடு இருந்தன. 2000-இல் இரண்டு வெறும் கூடாகத் திரும்பி வந்தன. அதில் ஒன்றை டாயில் மெக்கார்மக் என்ற ஓட்டுநர் ஓரிகனில் ஏறக்குறைய தன் சொந்த முயற்சியில் வருடக்கணக்காகச் சீரமைத்து, நிக்கல் பிளேட் ரயில்ரோட்டின் 190 என்று நிறமும் எண்ணும் தீட்டினார். உண்மையான 190 எப்போதோ உடைந்துபோயிற்று, இது சாண்டா ஃபே எஞ்சின். இது அசல்தானா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. கூடு ஒருவருடையது, எஞ்சின் இன்னொன்றினுடையது, பெயர் மூன்றாவது ஒன்றினுடையது. என்னைக் கேட்டால், பண்டமாற்றில் கால் மாறிய எஞ்சின்களின் உலகத்தில் அந்தக் கேள்விக்கே பெரிய அர்த்தம் இல்லை.

மெக்சிகோவின் ராசி அதோடு முடியவில்லை. பிரிட்டனின் ஹெச்.எஸ்.டி. அதிவேக ரயில்களின் எஞ்சின்கள் 1970-களின் நடுவிலிருந்து ஓடி ஓய்ந்தபின், சில 2023-இல் கப்பலேறி மெக்சிகோவின் இரு கடல்களை இணைக்கும் பாதைக்குப் போய்விட்டன. நார்வேயின் உருண்டை மூக்கு நோஹாப் எஞ்சின்கள் கொசோவோவுக்குப் போயின. ஜெர்மனியின் வி-200 எஞ்சின்களில் சில இத்தாலி, சுவிட்சர்லாந்து, கிரீஸ் என்று சுற்றின. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்படுத்தியபோது மிஞ்சிய ஒய்.டி.எம்.-4 எஞ்சின்கள் மலேசியா, மியான்மர், தான்சானியா வரை போயின. பாதையின் அகலம் ஒத்துப்போனால் போதும், எஞ்சினுக்கு வயது ஒரு தடையில்லை.

வயது தடையில்லை என்பதற்கு இலங்கையைவிட நல்ல சாட்சி கிடையாது. கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த எம்-2 எஞ்சின்கள் 1954-இலிருந்து அங்கே இருக்கின்றன. ஒண்டாரியோ, ஆல்பர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர்கள் பக்கத்தில் எழுதியிருக்கும். அதில் 591, மனிடோபா, 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் சுனாமியில் சிக்கிய ரயிலை இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின். அலை அதைப் புரட்டிப் போட்டது. எடுத்து, பழுதுபார்த்து, மறுபடி பாதையில் விட்டார்கள். நினைவுநாளில் அதே எஞ்சின் அந்த இடத்துக்கு ரயிலோடு போயிருக்கிறது. வேறு நாடாக இருந்தால் 2004-க்கு முன்பே அருங்காட்சியகத்துக்கோ உலைக்கோ போயிருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1952-53-இல் வந்த பி வகை எஞ்சின்களும் இதே ரகம். 26-இல் 11-ஐ 1980-களில் ஏ வகையாகப் புதுப்பித்தார்கள், அவையும் மீதியில் சிலவும் இந்த நூற்றாண்டிலும் ஓடின. இரண்டுமே இ.எம்.டி. எஞ்சின் உள்ளவை என்பதைக் கவனிக்க வேண்டும். உலகம் முழுக்க உதிரிபாகம் கிடைக்கும் குடும்பம் அது. ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸின் எரி-பில்ட், பால்ட்வினின் சென்டிபீட் போன்ற சிறுபான்மை எஞ்சின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு பாகம் உடைந்தால் அடுத்த எஞ்சினிலிருந்து கழற்றினார்கள், கடைசியில் கழற்ற எஞ்சினே இல்லை.

இந்தியாவின் டபிள்யூ.டி.எம்.-2 இதற்கு நேர் எதிர். 1962-இல் ஆல்கோவிடமிருந்து வந்தது, 1964 முதல் வாரணாசியில் தயாரானது. ஆல்கோ 1969-இல் கடையை மூடியபின்னும் வாரணாசி பல பத்தாண்டுகள் அதே குடும்பத்தைச் செய்துகொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ், சரக்கு, ஷண்டிங் என எல்லாவற்றுக்கும் ஒரே எஞ்சின் என்பதால் இறங்கிப் போகும் படிக்கட்டு இருந்தது. பலவற்றை 3,100 குதிரைத்திறனுக்கு உயர்த்தி டபிள்யூ.டி.எம்.-3ஏ ஆக்கினார்கள். இப்போது மின்மயம் வந்ததும் கூட்டம் கூட்டமாக ஏலத்துக்குப் போகின்றன, அது வேறு விஷயம். அவற்றின் வழிவந்த டபிள்யூ.டி.எம்.-3டி எஞ்சின்களில் பத்தை 2020-இலும் இருபதை 2023-இலும் இந்தியா வங்கதேசத்துக்குக் கொடுத்தது.

கூட்டம் திரண்டு காப்பாற்றியது ஒன்று உண்டு, என் கட்சிக்கு விதிவிலக்கு. பிரிட்டனின் டெல்டிக். கடற்படைப் படகுகளுக்காகப் பிறந்த முக்கோண நேப்பியர் எஞ்சின் இரண்டைச் சுமந்து, 3,300 குதிரைத்திறனோடு 1961-62-இல் வந்த 22 எஞ்சின்கள். வேறு எந்த மட்டமான வேலைக்கும் லாயக்கில்லை, பராமரிப்பும் ஏகப்பட்ட செலவு. 1982 ஜனவரி 2 அன்று கடைசி ரயில். மீதியை டான்காஸ்டரில் வெட்டினாலும் ஆறை ரசிகர்களும் தேசிய அருங்காட்சியகமும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ராயல் ஸ்காட்ஸ் கிரே, 2011-இல் ஒரு சரக்கு நிறுவனத்தில் வாடகைக்கு வேலைகூட செய்தது. நீராவி முடிந்து பதினான்கு வருடம் கழித்து, டீசலையும் நேசிக்கலாம் என்று ஒரு தலைமுறை வளர்ந்திருந்த நேரம் அது. இருபது வருடம் முன்னால் என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டால் பிழைத்தது என்றும் நினைக்காதீர்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் டீசல் எஞ்சின் உள்ளிருந்து சாகும். வயர்களின் உறை நொறுங்கும். பல அமெரிக்க எஞ்சின்களில் குளிர்விக்க வெறும் நீர்தான், உறைபனிக் காலத்துக்கு முன் வடிக்க மறந்தால் உறைந்து வார்ப்பையே பிளந்துவிடும். சிலிண்டருக்குள் நீர் கசிந்திருப்பது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். அதனால்தான் தெரிந்தவர்கள் முதலில் சோதனை வால்வுகளைத் திறந்துவைத்து, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்கள். பிரதான பாதையில் ஓட வேண்டுமென்றால் அந்தந்த நாட்டின் தானியங்கிப் பாதுகாப்புக் கருவியும் பொருத்த வேண்டும், அதற்கே தனிச் செலவு.

ஒன்றுகூட மிஞ்சாதவற்றில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது பிரிட்டனின் முதல் பிரதான பாதை டீசல், எல்.எம்.எஸ். என்ற ரயில் நிறுவனத்தின் 10000. 1947 டிசம்பரில் டார்பியில் பிறந்தது. அதுவும் ஜோடி 10001-ம் 1968-இல் வெட்டப்பட்டன. வரலாற்றில் முதல் என்பதைவிட, இரண்டே இரண்டு இருந்த வினோதம் என்பதுதான் கணக்கில் பெரிதாகத் தெரிந்தது. இப்போது ஒரு ரசிகர் சங்கம் 10000-ஐ மறுபடி முதலிலிருந்து கட்ட முயன்று கொண்டிருக்கிறது. உள்ளே வைக்கும் டீசல் எஞ்சினுக்கு அதே இங்கிலிஷ் எலக்ட்ரிக் வகை ஒன்று கிடைத்துவிட்டது. அடிச்சட்டத்துக்கு வாங்கியிருப்பது 58022, 1980-களில் பிறந்து ஓய்ந்துபோன ஒரு சரக்கு எஞ்சின்.